உரியியல் நோக்கில் கணினிவழிச் சொற்கல்வி

1. தோற்றுவாய்

மொழி பயில்வார்க்கு எழுத்தறிவு வாயில், சொல்லறிவே வீடு. எழுத்தை மட்டும் அறிந்து சொல்லை அறியாதவன் நூலை உரக்கப் படிப்பான். ஆயின் அதனுள் புகமாட்டான். ஆதலின், சொற்பொருள் உணர்த்தும் முறையைப் பற்றிய எண்ணம் தமிழில் தொன்றுதொட்டே இருந்து வந்துள்ளது. திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி முதலிய நிகண்டுகள் இப்பணியைச் செய்யுள் வடிவில் ஆற்றின. மாணவர் அவற்றை நெட்டுருச் செய்தனர். 1594ஆம் ஆண்டில் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து முறையில் அடுக்கிக் காட்டியது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், பின்னர் அனுபந்தமாகவும் வெளிவந்தது.

இன்று இப்பணியில் கணினியும் கைப்பேசியும் புகுந்துள்ளன. சொல்லைத் தொட்ட அளவிலே பொருள் காட்டும் மின்னூல்களும், நாள்தோறும் சில சொற்களை வினவி விடை பெறும் சொல்லட்டைச் செயலிகளும், சொல்லை ஒலித்துக் காட்டும் கருவிகளும் பலவாகப் பெருகிவிட்டன. பேரகராதியே சிகாகோ பல்கலைக்கழகத்தாரால் மின்வடிவம் பெற்றுள்ளது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்னும் பெயரால் தோன்றிய தமிழ் இணையக் கல்விக்கழகமும் பழைய நூல்கள் பலவற்றை எங்கும் உள்ளார் படிக்குமாறு செய்தன. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பார் இலர்.

ஆயின், நூல் கிடைத்தல் வேறு; நூலைப் பயிலுமாறு சொல்லைக் கற்பித்தல் வேறு. முன்னதில் கணினி வென்றது என்பது வெளிப்படை. பின்னதில் அது யாங்ஙனம் நிற்கின்றது என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். இக்கருவிகளைப் பற்றிய உரைகள் பெரும்பாலும் வெறும் புகழ்ச்சியாகவோ வெறும் இகழ்ச்சியாகவோ முடிந்துவிடுகின்றன. திறனாய்வுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அவ்வளவுகோலைத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியலினின்றும் பெறலாம் என்பது நம் கருத்து.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் நன்று. இன்றைய அறிவியற் பொருள் ஒவ்வொன்றையும் நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று மகிழ்வது ஆராய்ச்சியாகாது. தொல்காப்பியர் கணினியைக் கண்டவரல்லர். உரியியல் கற்பித்தல் முறை கூறும் நூலும் அன்று. எனினும், பயிலாத சொல்லின் பொருளை ஒருவர் மற்றொருவர்க்கு உணர்த்துங்கால் எழும் இடர்ப்பாடுகளை அவர் நேர்நின்று எண்ணியிருக்கின்றார். அவ்விடர்ப்பாடுகள் உணர்த்தும் கருவி மாறினும் மாறாதவை. ஆதலின் அவர் கண்ட நெறி கொண்டு இன்றைய கருவியை அளந்து பார்த்தல் பொருந்தும்.

2. உரியியல் தரும் ஐந்து கருத்துக்கள்

உரியியலின் தொடக்கத்தும் இறுதியிலும் உள்ள நூற்பாக்களைத் தொகுத்து நோக்கின், சொற்பொருள் உணர்த்துதல் பற்றிய ஐந்து கருத்துக்கள் புலனாகின்றன.

முதலாவது, யாவர்க்கும் வெளிப்படையான சொல்லை விளக்க வேண்டுவதில்லை; வெளிப்படாத சொல்லையே விளக்குதல் வேண்டும் என்பது. இது தேர்வு பற்றியது. இரண்டாவது, பயிலாத சொல்லை முன்பே பயின்ற சொல்லோடு சார்த்தி உணர்த்த வேண்டும் என்பது. இது விளக்கம் பற்றியது. மூன்றாவது, சொல்லின் பொருளை அதன் முன்னும் பின்னும் வருவனவற்றை நாடிப் பொருத்தமுற உணர்த்த வேண்டும் என்பது. இது சூழல் பற்றியது. நான்காவது, ஒரு பொருளுக்குப் பொருள், அதற்கும் ஒரு பொருள் எனத் தொடர்ந்து வினவின் அதற்கு வரம்பில்லை. உணர்த்துவோன் வல்லனாயின் பொருள் திரியாது விளங்கும் என்பது. இது ஆசிரியன் பற்றியது. ஐந்தாவது, உணர்வின் வாயில் உணர்வோருடைய ஆற்றலைச் சார்ந்தது என்பது. இது மாணாக்கன் பற்றியது.

தேர்வு, விளக்கம், சூழல், ஆசிரியன், மாணாக்கன் என்னும் இவ்வைந்தும் ஒருங்கே அமைந்தாலன்றிச் சொற்கல்வி நிரம்பாது. இனி, கணினிவழிக் கருவிகளின் வகைகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

3. நினைவுக் கணக்கும் சொல்லட்டையும்

கணினியால் கற்பித்தல் புதுவதன்று. அமெரிக்க நாட்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பிட்சர் என்பார் 1960ஆம் ஆண்டிலேயே பிளேட்டோ என்னும் பெயரிய கற்பிக்கும் அமைப்பைத் தொடங்கினார். ஆயின் இன்று சொற்பயிற்சிச் செயலிகளுக்கு அடிப்படையாக உள்ள கொள்கை அதனினும் பழையது. செருமானிய அறிஞர் எபிங்கௌஸ் 1885இல் நினைவு பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். கற்றது காலம் செல்லச் செல்ல எவ்வளவு மறக்கின்றது என்பதைத் தம்மையே ஆய்வுப்பொருளாகக் கொண்டு அவர் அளந்தார். மறதி முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கின்றது என்பதும், இடைவெளி விட்டுப் பயில்வது ஒரே மூச்சில் பயில்வதினும் சிறந்தது என்பதும் அவ்வாராய்ச்சியால் விளங்கின.

இக்கருத்தைப் பிறர் கருவியாக்கினர். பிம்சுலர் 1967இல் ஒரு கால அட்டவணை வகுத்தார். ஐந்து நொடி, இருபத்தைந்து நொடி, இரண்டு நிமிடம், பத்து நிமிடம் என்று பெருகி, ஈராண்டு வரை செல்லும் இடைவெளிகளை அது கொண்டது. லைட்னர் என்பார் 1972இல் அட்டைகளையும் சில பெட்டிகளையும் கொண்டு இதனை எளிமையாக்கினார். விடை சரியாயின் அட்டை அடுத்த பெட்டிக்குச் செல்லும். தவறாயின் முதற்பெட்டிக்கு மீளும். போலந்து நாட்டு வொஸ்னியாக் 1987இல் இதனைக் கணினிக்கு ஏற்ற கணக்காக வகுத்தார். அதன்படி ஒரு சொல் முதலில் ஒரு நாள் கழித்தும், பின்னர் ஆறு நாள் கழித்தும் வினவப்படும். அதன் பின் இடைவெளி ஓர் எண்ணால் பெருக்கப்படும். அவ்வெண் 2.5 என்பதில் தொடங்கும். மாணாக்கன் தன் நினைவுக்குத் தானே இடும் மதிப்பெண்ணுக்கேற்ப அது கூடும், குறையும். எண் மாறாது நிற்குமாயின் இடைவெளிகள் 1, 6, 15, 38 நாள்கள் எனப் பெருகும். 2006இல் வெளிவந்த ஆங்கி என்னும் செயலி இக்கணக்கைத் தழுவி எழுந்து உலகெங்கும் பரவியது.

இம்முறையின் ஆற்றலைக் குறைத்து மதித்தல் தகாது. மீண்டும் படித்தலைக் காட்டிலும் நினைவிலிருந்து வருவித்தல் கல்வியை நிலைபெறச் செய்கின்றது என்பதை ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் நடத்திய ஆய்வு காட்டியது. ஒரு வகுப்பில் நாற்பது மாணவர் இருப்பின், அவருள் எவர் எச்சொல்லை என்று மறப்பர் என்பதை எந்த ஆசிரியரும் கணித்திருத்தல் இயலாது. கணினி அதனை அயராது கணிக்கின்றது. தேர்வு என்னும் முதற்கருத்தை ஈண்டு நினைக. ஒருவனுக்கு வெளிப்பட்ட சொல் மற்றொருவனுக்கு வெளிப்படாததாக இருக்கும். நூலாசிரியன் அனைவர்க்கும் ஒரு பட்டியலே தர இயலும். கணினியோ ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு பட்டியல் தரவல்லது. இது நிகண்டுக்கும் அகராதிக்கும் இல்லாத சிறப்பு.

இனிக் குறையை நோக்குவோம். எபிங்கௌஸ் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை சொற்கள் அல்ல; பொருளற்ற அசைகள். பொருளும் முன்னறிவும் கணக்கைக் குழப்பும் என்பதால் அவர் வேண்டுமென்றே பொருளை விலக்கினார். அவர் நோக்கத்திற்கு அது தக்கதே. ஆயின், பொருளை விலக்கி வகுத்த கணக்கின் மீது பொருள் கற்பிக்கும் கருவி எழுப்பப்பட்டுள்ளது என்பதை மறத்தலாகாது. அக்கருவிக்குச் சொல் என்பது இருபுறம் கொண்ட ஓர் அட்டை. ஒருபுறம் வடிவம்; மறுபுறம் ஒரு பொருள். இரண்டனையும் இணைத்துச் சொன்னால் சொல் கற்றதாகக் கணக்கில் ஏறும்.

கடி என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தொல்காப்பியர் அதற்குக் காவல், கூர்மை, புதுமை, அச்சம், விரைவு, சிறப்பு முதலாகப் பத்துப் பொருள் கூறி, மேலும் ஐயம், கரிப்பு என்னும் இரண்டனைத் தனியே சேர்த்துரைக்கின்றார். இன்றைய வழக்கிலோ பல்லால் கடித்தலே முந்தித் தோன்றுகின்றது. சொல்லட்டையின் ஒருபுறம் கடி என்றும், மறுபுறம் பல்லால் கடித்தல் என்றும் எழுதிப் பயின்ற மாணாக்கன் அதனை 38 நாள் கடந்தும் தவறாது சொல்லுவான். அவன் கணக்கில் அச்சொல் முற்றக் கற்றதாகும். பின்னர் அவனே பழைய நூலொன்றில் கடிமரம் என்று காணுங்கால் காவல் மரத்தை நினையான்; கடிமலர் என்று காணுங்கால் புதுமலரை நினையான். அவன் அறியாதவன் அல்லன், தவறாக அறிந்தவன். அறியாமையாவது அகராதியைத் தேடச் செய்யும். தவறான அறிவு தேடவும் விடாது.

பன்னிரண்டு பொருளுக்கும் பன்னிரண்டு அட்டை எழுதினால் என்னை எனின், அதுவும் அமையாது. எல்லா அட்டைகளின் முகப்பிலும் கடி என்னும் ஒரு வடிவமே இருக்குமாதலின், எப்பொருள் வேண்டப்படுகின்றது என்பதை மாணாக்கன் அறியான். ஆயின், முகப்பில் தனிச்சொல்லை எழுதாது கடிமரம், கடிமலர், கடிநுனை என்று தொடராக எழுதின் இடர் நீங்கும். மரம் என்பது காவற்பொருளையும், மலர் என்பது புதுமைப்பொருளையும், நுனை என்பது கூர்மைப்பொருளையும் தானே வருவிக்கும். முன்னும் பின்னும் வருவன நாடுக என்னும் மூன்றாம் கருத்தின் பயன் இதுவே. கணக்கு மாற வேண்டுவதில்லை. அட்டையில் எழுதப்படுவது மாற வேண்டும். எனவே குறை கணினியின்பால் உள்ளதன்று. அட்டை எழுதுவோர்பால் உள்ளது என்பது தெளிவு.

4. தொட்ட அளவில் தோன்றும் பொருள்

மின்னூலில் ஒரு சொல்லைத் தொட்டால் அதன் பொருள் சிறு கட்டமாகத் தோன்றும் முறை இன்று பெருவழக்காயிற்று. படிப்பு தடைப்படாமல் செல்லுதற்கு இது துணை செய்கின்றது. அகராதியின் பல தாள்களைப் புரட்டும் இடைவேளையில் தொடரின் கருத்து நழுவிவிடும் என்பதைப் பயின்றோர் அறிவர்.

இம்முறை பற்றிச் செய்யப்பட்ட ஆய்வுகள் இருவகை முடிவு தருகின்றன. செருமானிய மொழி பயின்ற மாணவரைக் கொண்டு சுன், பிளாஸ் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, சொல்லால் மட்டும் பொருள் கூறுவதினும் சொல்லும் படமும் சேர்த்துக் காட்டுவது நன்கு நினைவில் நின்றது என்று கண்டது. ஆயின் ஹல்ஸ்டைன் 1992இல் காட்டியவாறு, பொருளை எளிதாகப் பெற்ற சொல்லினும், சூழலால் தானே உய்த்துணர்ந்த சொல் நினைவில் மிகுதியாக நிற்கின்றது. 2001இல் லாஃபரும் ஹல்ஸ்டைனும் இதனை ஒரு கொள்கையாக வகுத்தனர். சொல் நிலைபெறுதற்குத் தேவை, தேடல், சீர்தூக்கல் என்னும் மூன்று முயற்சிகள் காரணமாகும் என்பது அக்கொள்கை. தொட்ட அளவில் பொருள் தோன்றுமாயின் தேடல் இல்லை. ஒரே பொருள் தோன்றுமாயின் சீர்தூக்கலும் இல்லை. எஞ்சுவது தேவை ஒன்றே. உணர்வின் வாயில் உணர்வோர் ஆற்றலைச் சார்ந்தது என்னும் ஐந்தாம் கருத்தை இக்கொள்கையோடு வைத்து எண்ணுக. மாணாக்கன் முயற்சியை முற்றும் நீக்கும் உதவி, உதவி போலத் தோன்றி வாயிலை அடைக்கின்றது.

இங்கு நம் உரைமரபையும் நினைவுகூர்தல் தகும். நன்னூலார் காண்டிகையுரைக்குக் கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்னும் ஐந்து உறுப்புக்கள் கூறுகின்றார். தொட்டால் தோன்றும் கட்டம் இவ்வைந்தனுள் பதப்பொருள் ஒன்றனையே தருகின்றது. எடுத்துக்காட்டு அரிதாகவே உண்டு; வினா இல்லை; ஆதலின் விடையும் இல்லை. கணினியால் வினாவைத் தர இயலாதோ எனின், இயலும். சொல்லைத் தொட்டவுடன் பொருளைக் காட்டாது, அச்சொல் வரும் வேறு இரண்டு தொடர்களைக் காட்டி, இவற்றுக்கும் இத்தொடருக்கும் பொருந்தும் பொருள் யாது என்று வினவி, அதன் பின்னரே பொருளைக் காட்டலாம். விரைந்து படிப்பார்க்கு ஒரு வழியும் ஆழ்ந்து பயில்வார்க்கு மற்றொரு வழியும் வைக்கலாம். இவை பொறியியல் அருமைகள் அல்ல. எண்ணிப்பார்ப்பார் இன்மையே குறை.

இனி, அக்கட்டத்தில் தோன்றும் பொருள் எங்கிருந்து எடுக்கப்படுகின்றது என்பதை நோக்குவோம். சொற்பொருள் நூல்கள் மூவகையார்க்கு எழுந்தன. நிகண்டு புலவனுக்கு எழுந்தது. அவனுக்கு எதுகையும் மோனையும் அமையுமாறு ஒரு பொருளுக்குப் பல பெயர் வேண்டும். ஆதலின் குதிரைக்குப் புரவி, பரி, இவுளி, மா என அடுக்கிக் கூறுதல் ஆண்டு முறையே. பேரகராதி ஆராய்ச்சியாளனுக்கு எழுந்தது. அவனுக்கு எல்லாப் பொருளும் மேற்கோளும் ஒருங்கே வேண்டும். பயில்வோனுக்கு இவ்விரண்டும் வேண்டா. அவனுக்கு வேண்டுவது, இத்தொடரில் இச்சொல்லுக்கு இப்பொருள் என்பதும், அப்பொருளைத் தான் அறிந்த சொல்லால் கூறுதலுமே. தற்கால எழுத்து வழக்கைத் தொகுத்து 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களோடு பொருள் தந்தமையால் இவ்வழியில் ஒரு முன்னேற்றமாயிற்று.

கணினிக் கருவிகளோ இம்மூன்றனையும் ஒரே கலத்தில் பெய்துவிடுகின்றன. புரவி என்பதைத் தொட்ட பத்து வயதுச் சிறுவனுக்கு இவுளி என்று விடை வருமாயின், அவன் ஒரு பூட்டைத் திறக்கச் சென்று மற்றொரு பூட்டைப் பெற்றவன் ஆகின்றான். இவுளியைத் தொட்டால் பரி. பரியைத் தொட்டால் புரவி. பொருளுக்குப் பொருள் தேடின் வரம்பில்லை என்று தொல்காப்பியர் கூறிய நிலை இதுவன்றோ? குதிரை என்னும் பயின்ற சொல் ஒன்றோ, ஒரு குதிரையின் படமோ அத்தொடரை அறுத்துவிடும்.

பயின்ற சொல் எது என்பதிலும் ஓர் ஆய்வு வேண்டும். தமிழ்ச் சிறுவன் பள்ளிக்கு வருமுன் பயின்றது பேச்சுத்தமிழ். பிற நாடுகளில் வளரும் தமிழ்ச் சிறுவர் பலர்க்கு வீட்டில் கேட்கும் பேச்சு மட்டுமே தமிழ்ச்செல்வம். அவன் காது என்பதை அறிவான். செவி என்பதை அறியான். தூங்கு என்பதை அறிவான். உறங்கு என்பதை அறியான். அவனுக்குச் செவியை ஆங்கிலச் சொல்லால் விளக்கும் கருவி, அவன் கையில் உள்ள தமிழைப் பயன்படுத்தாமல் விடுகின்றது. பயின்றது சார்த்துக என்னும் நெறி, பேச்சு வழக்கை எழுத்து வழக்கிற்குப் படிக்கட்டாக ஆக்குக என்று நமக்கு இன்று பொருள்படும்.

5. எச்சொல்லை முதற்கண் கற்பித்தல்

பயிலும் சொற்களைத் தேர்ந்தெடுத்தற்கு இன்று கொள்ளப்படும் அளவை வருகைக் கணக்கு. மிகுதியாக வரும் சொல்லை முதலில் கற்பித்தல் வேண்டும் என்பது அது. வங்காளத்தில் கல்விப்பணி ஆற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்கள் கொண்ட ஆங்கிலப் பட்டியலை வெளியிட்டார். பின்னர் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் பத்து இலட்சம் சொல் கொண்ட தொகுப்பைக் கணினியில் ஏற்றி 1967இல் அதன் வருகைக் கணக்கை நூலாக்கினர். ஹூ, நேஷன் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, பிறர் துணையின்றிக் கதையைப் படித்துணர்தற்கு அதில் உள்ள சொற்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முன்பே தெரிந்திருத்தல் வேண்டும் என்று கருதியது. அஃதாவது, 250 சொல் கொண்ட பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேற்படலாகாது. நூற்றுக்குத் தொண்ணூறே தெரியுமாயின் அப்பக்கத்தில் 25 சொல் இருளாக நிற்கும்; பத்து சொல்லுக்கு ஒருமுறை இடறுபவன் நெடுந்தொலைவு நடவான்.

இவ்வெண்கள் ஆங்கிலத்திற்கு உரியவை. இவற்றை அப்படியே தமிழுக்குக் கொள்ளுதல் பிழை. காரணம் கூறுவோம். தமிழ் ஒட்டுமொழி. வந்துகொண்டிருந்தவர்களைப்பற்றி என்பது எழுத்தில் ஒரு சொல்லாக நிற்கின்றது. அதனுள் வா, கொள், இரு என்னும் வினைகளும், பெயராக்கும் ஈறும், பன்மையும், வேற்றுமை உருபும், சொல்லுருபும் அடங்கியுள்ளன. வெளி வடிவத்தை ஒரு சொல்லாக எண்ணும் கணினி, இதனை மிக அரிய சொல் என்று கணித்துப் பட்டியலின் அடியில் தள்ளும். ஆயின் அதன் உறுப்புக்கள் யாவும் தமிழ்க் குழவி நாளும் கேட்பன. மறுதலையாக, வடிவத்தால் எளிதாகத் தோன்றும் கடி போன்ற சொல் பட்டியலின் முடியில் நிற்கும். அதன் அரிய பொருள்கள் கணக்கில் புலப்படா. ஆகவே வடிவ வருகை ஒன்றே கொண்டு வெளிப்படு சொல்லையும் வெளிப்படாச் சொல்லையும் பிரித்தறிதல் தமிழில் இயலாது.

சொல்லைப் பகுதியும் விகுதியுமாகப் பிரிக்கும் கருவி அமைத்தால் இவ்விடர் பெரும்பாலும் தீரும். சென்றான் என்பதைத் தொட்ட மாணாக்கனைச் செல் என்னும் பகுதிக்கும், கண்டான் என்பதைத் தொட்டவனைக் காண் என்னும் பகுதிக்கும், நொந்தான் என்பதைத் தொட்டவனை நோ என்னும் பகுதிக்கும் கொண்டு செல்லாத மின்னகராதி, அகராதியைத் தேடத் தெரிந்தவனுக்கே பயன்படும். அவனுக்கோ அக்கருவியின் துணை அத்துணை வேண்டா. பிரிக்கும் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. நன்னூலார் பொதுமொழி என்று ஒருவகை கூறினார். எட்டு, வேங்கை, தாமரை என்பன தனிமொழியாகவும் தொடர்மொழியாகவும் நிற்கவல்லன. வேங்கை விலங்கோ, மரமோ, வேகின்ற கையோ என்பதையும், தாமரை மலரோ, தாவுகின்ற மானோ என்பதையும் எழுத்து வடிவம் கூறாது, சூழலே கூறும். வடிவத்தை மட்டும் நோக்கிப் பிரிக்கும் கருவி இங்கு இடறும் என்பதில் ஐயமில்லை.

எழுத்தளவிலும் ஒரு சிக்கல் உண்டு. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் உயிர்மெய் ஒரே குறியாக அமையாது, மெய்க்குரிய அடிப்படைக் குறியும் உயிர்க்குறியுமாகப் பிரிந்து நிற்கின்றது. தமிழ் என்னும் சொல்லில் சிறுவன் எண்ணுவது மூன்று எழுத்து. கணினி எண்ணுவது ஐந்து குறி. கொ என்னும் எழுத்தை இரண்டு குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாக மூன்று குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டனையும் ஒருநிலைப்படுத்தாத கருவி, உள்ள சொல்லை இல்லை என்று கூறிவிடும். எழுத்தடுக்கு விளையாட்டுக்களில் உயிர்க்குறி தனியே கழன்று நிற்பதும் இதனாலேயே. அறிந்தோர் இதனைக் கருவியின் பிழை என்று தள்ளிவிடுவர். கற்கும் சிறுவனோ தன் பிழை என்று எண்ணி மனம் சோர்வான். இதனைச் சிறு குற்றம் என்று விடுதல் கூடாது.

6. உரையாடும் பொறிகள்

2022ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி, வினவியதற்கு வாக்கியமாகவே விடை தரும் பொறிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின. இவை சொற்கல்வியில் ஒரு புதுநிலையைத் தோற்றுவித்துள்ளன. சிறுவனுக்கு எளிய சொல்லால் கூறுக என்றால் எளிய சொல்லால் கூற முயல்கின்றன. விளங்கவில்லை என்றால் வேறொரு வழியில் கூறுகின்றன. அசையாத அட்டைக்கும் கட்டத்துக்கும் இல்லாத இந்நெகிழ்ச்சி, உணர்த்தவல்ல ஆசிரியன் என்னும் நான்காம் கருத்துக்கு அணுக்கமானது. இதனை ஒப்புக்கொள்ளல் நடுவுநிலைமை.

ஆயினும், பேரகராதி ஒரு பொருளைக் கூறின் அப்பொருள் ஆளப்பட்ட இடத்தையும் கூறும். படிப்போன் அவ்விடத்தை நோக்கி உண்மை காணலாம். உரையாடும் பொறி சான்று காட்டாமலும் கூறும். இல்லாத ஆட்சியை உள்ளது போலவும் கூறும். இரண்டனையும் ஒரே உறுதியோடு கூறும். பழந்தமிழ்ச் சொற்களில் இவ்விடர் மிகும். கற்றறிந்தவன் ஐயுற்றுத் தேடுவான். கற்கும் பருவத்தான் ஐயுறுதற்கு வேண்டும் அறிவையே இனித்தான் பெறவேண்டும். ஆதலின், இப்பொறிகளைச் சொற்கல்விக்குக் கொள்ளுங்கால் சான்றுள்ள அகராதியோடும் உண்மை ஆட்சித் தொடர்களின் தொகுப்போடும் பிணைத்தே கொள்ளுதல் தக்கது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மறதியைக் கணித்துத் தக்க காலத்தில் வினவுதலிலும், ஒவ்வொருவர்க்கும் வேண்டும் சொல்லைத் தனித்தனியே தேர்தலிலும் கணினி ஆசிரியனினும் வல்லது. பயின்றது சார்த்தி விளக்குதலிலும், சூழலால் பொருள் தெளிவித்தலிலும், மாணாக்கன் முயற்சியை வளர்த்தலிலும் இன்றுள்ள கருவிகள் பின்தங்கியே நிற்கின்றன. இப்பின்னடைவுக்குக் காரணம் கணினியின் இயல்பு அன்று. சொல் என்பது வடிவமும் பொருளும் இணைந்த ஓர் இரட்டை என்று கொண்ட எளிய கொள்கையே காரணம். அக்கொள்கை மாறின் கருவியும் மாறும்.

எனவே, எந்தச் சொற்கல்விக் கருவியையும் ஏற்குமுன் ஐந்து வினாக்கள் எழுப்புதல் வேண்டும். இது வெளிப்படாச் சொல்லைத் தேர்கின்றதா? பயின்ற சொல்லால் விளக்குகின்றதா? தொடரில் வைத்துக் காட்டுகின்றதா? விளங்காதவனுக்கு வேறு வழி காட்டுகின்றதா? மாணாக்கனை முயலச் செய்கின்றதா? இவற்றுள் மூன்றுக்கேனும் ஆம் என்னும் விடை பெறாத கருவியைப் பள்ளியில் புகுத்துதல், பொருளும் காலமும் வீணாதற்கு வழியாகும்.

இதில் தமிழ்த்துறைகளின் பங்கும் உண்டு. பகுதி நோக்கி எண்ணிய வருகைப் பட்டியல், ஒவ்வொரு பொருளுக்கும் உண்மை ஆட்சித் தொடர்கள், பயில்வோர்க்கென எளிய தமிழில் எழுதிய பொருள் விளக்கம் என்னும் மூன்றும் இருந்தாலன்றிப் பொறியாளர் எத்துணை முயலினும் நல்ல கருவி பிறவாது. இம்மூன்றும் இலக்கணமும் உரைமரபும் அறிந்தார் செய்யவேண்டுவன. அவர் செய்யாது விட்ட இடத்தையே பொறியாளர் கைக்குக் கிடைத்தவற்றால் நிரப்பினர். அவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று.

ஆயிரம் அட்டைகளைத் தவறாது சொல்லும் சிறுவன் ஒரு சிறுகதையின் முதற்பக்கத்தைக் கடக்கமாட்டாது நூலை மூடுவானாயின், அவன் கணக்கில் ஏறிய ஆயிரம் சொல்லும் அவனுக்கு உரியன ஆகா. அவன் அந்நூலை மூடாமல் அடுத்த பக்கம் திருப்புகின்றானா என்பதே எல்லாக் கருவிகளுக்கும் இறுதியான அளவை.